குரோம் பீடிங்குக்கு வீட்டிலேயே கருப்பு அடிப்பது: சேலத்து வெயிலிலும் ஏற்காட்டு மூடுபனியிலும்

கார் கிரில்லின் குரோமை 320 நம்பர் உப்புத்தாளால் தண்ணீர் விட்டு ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டே போனால் நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். முதலில் இருப்பது நீலம் கலந்த வெள்ளை. அது குரோமியம். கொஞ்ச நேரத்தில் மெல்லிய மஞ்சள் சாயல் வரும். அது நிக்கல். விடாமல் தேய்த்தால் செம்பு சிவந்து எட்டிப் பார்க்கும். அதற்கும் அடியில் ஏபிஎஸ் பிளாஸ்டிக். நாம் குரோம் குரோம் என்று சொல்வது இந்த அடுக்கின் உச்சியில், பெரும்பாலும் அரை மைக்ரானைத் தாண்டாத ஒரு படலத்தைத்தான்.

கனம் அவ்வளவுதான் என்றாலும் அந்தப் படலம் கண்ணாடி மாதிரி வழவழப்பு, கல் மாதிரி கடினம். பெயிண்ட் பிடிப்பதற்கு அதில் ஒரு துளை கிடையாது, ஒரு சொரசொரப்பு கிடையாது. கழுவித் துடைத்துவிட்டு நேராகக் கருப்பு ஸ்ப்ரே அடித்தால் அன்று மாலை அருமையாக இருக்கும். இரண்டாவது வாட்டர் சர்வீஸில் பிரஷர் தண்ணீர் பட்டதும் பாலாடை மாதிரி சுருண்டு வந்துவிடும். "குரோம் மேல பெயிண்ட் நிக்காதுங்க" என்று பட்டறையில் சொல்வது இதனால்தான். நிற்கும். பத்து மணி நேர வேலை என்றால் எட்டு மணி நேரத்தை உப்புத்தாளுக்கும் துடைப்பதற்கும் டேப் ஒட்டுவதற்கும் கொடுத்தால் வருஷக்கணக்கில் நிற்கும்.

முதலில் அது குரோம்தானா என்று பாருங்கள்

மின்னுவதெல்லாம் ஒரே பொருள் இல்லை. கிரில், டிக்கி கார்னிஷ், பம்பர் ஓரம், இப்போதைய கார்களின் டோர் ஹேண்டில் எல்லாம் அநேகமாக முலாம் பூசிய ஏபிஎஸ். நகத்தால் தட்டினால் பிளாஸ்டிக் சத்தம் வரும். சில பாகங்களில் பின்புறம் பார்த்தால் முலாம் இல்லாத பிளாஸ்டிக் தெரியும். ஜன்னல் அடியில் ஓடும் பீடிங் பல கார்களில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ரூஃப் ரெயில் பெரும்பாலும் அனோடைஸ் செய்த அலுமினியம். பழைய கார்களின் ஹேண்டிலும் எம்ப்ளமும் துத்தநாக வார்ப்பு. கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும். அம்பாசடர், பத்மினி பம்பர் என்றால் இரும்பின் மேல் முலாம்.

காந்தம் வைத்துப் பார்த்து முடிவு கட்டுகிறவர்கள் ஒரு இடத்தில் ஏமாறுவார்கள். ஸ்டெயின்லெஸ்ஸில் காந்தம் ஒட்டாது என்று உருக்காலை இருக்கிற சேலத்திலேயே பலர் நம்புகிறார்கள். சமையல் பாத்திரத்துக்குப் போகும் 304 வகையில் ஒட்டாது, சரி. கார் பீடிங்குக்கு அதிகம் போகும் 430 வகையில் நன்றாகவே ஒட்டும். ஆகவே காந்தம் ஒட்டியதும் இரும்பு என்று நினைத்துவிட வேண்டாம். ஓரத்தில் துரு துளியும் இல்லாமல், காந்தமும் ஒட்டினால் அது ஸ்டெயின்லெஸ் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சோதனைக்கு மல்டிமீட்டர் போதும். கன்டினியூட்டியில் வைத்து இரண்டு முனையையும் பட்டையின் மேல் தொடுங்கள். குரோமும் ஸ்டெயின்லெஸ்ஸும் பீப் அடிக்கும். அனோடைஸ் அலுமினியம் அடிக்காது, ஏனென்றால் அதன் மேல்தோல் மின்சாரம் கடத்தாத ஆக்சைடு. ஆக்சஸரி கடையில் வாங்கி ஒட்டிய குரோம் ஃபிலிம் பட்டையும் அநேகமாக அடிக்காது. அந்த ஒட்டுப்பட்டைக்குப் பெயிண்ட் அடிப்பது வீண் வேலை. ஹேர் டிரையரால் சூடாக்கி உரித்துப் போட்டுவிடலாம்.

ஸ்டெயின்லெஸ் பீடிங்கில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி இருந்தால் பெயிண்ட் டப்பாவைத் தேடும் முன் ஒரு நிமிஷம் பொறுங்கள். சேலத்தில் போர் தண்ணீரில் கார் கழுவி அப்படியே வெயிலில் காயவிட்டால் வரும் உப்புப் புள்ளி அது. வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் நனைத்து இரண்டு நிமிஷம் ஒத்தி வைத்து, கழுவி, மெட்டல் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் பல நேரம் புதுசு போல வந்துவிடும். வராமல் ஊசி குத்தியது போலப் பள்ளம் விழுந்திருந்தால்தான் பெயிண்டுக்குப் போக வேண்டும். அனோடைஸ் அலுமினியம் பால் படிந்தது மாதிரி வெளுத்திருந்தால் கதை வேறு. காரம் மிகுந்த வாஷிங் கெமிக்கல் அதன் ஆக்சைடு தோலையே தின்றிருக்கும். எந்தப் பாலிஷுக்கும் அது திரும்பாது. அதற்குப் பெயிண்ட்தான் சரியான வழி.

கிரில்லின் நடு எம்ப்ளத்துக்குப் பின்னால் ரேடார் இருக்கும் கார்களில் அந்த எம்ப்ளத்தைத் தொடவே கூடாது. மேலே ஏறும் பெயிண்ட் கனமும், அதில் உலோகத் துகள் இருந்தால் அதுவும், ரேடாரின் பார்வையைக் கெடுக்கும். பார்க்கிங் சென்சாருக்கும் இதே எச்சரிக்கை. டோர் ஹேண்டிலில் கீலெஸ் பட்டன் இருந்தால் அதை டேப் போட்டு மூடிவிடுங்கள்.

என்ன வாங்க வேண்டும், எவ்வளவு

அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஜன்னல் பீடிங் ஒரு பக்கம் சுமார் இரண்டரை மீட்டர், அகலம் 2 செ.மீ. இரண்டு பக்கமும் சேர்த்து 0.1 சதுர மீட்டர்தான். கிரில் அதன் மடிப்புகளையும் சேர்த்தால் 0.3 சதுர மீட்டருக்குப் பக்கம் வரும். 400 மில்லி ஸ்ப்ரே கேன் ஒன்று சமமான தகட்டில் ஒரு கோட்டுக்கு ஒன்றரை சதுர மீட்டர் ஓடும். ஆனால் ஒடுங்கிய பட்டையில் பாதிக்கு மேல் காற்றில் போய்விடும். ஆகவே கிரில், பீடிங், டிக்கி பட்டை மூன்றுக்கும் பிரைமர் ஒரு கேன், கருப்பு இரண்டு கேன், கிளியர் (கருப்பின் மேல் அடிக்கும் நிறமில்லாத காப்புப் பூச்சு) ஒரு கேன். பீடிங் மட்டும் என்றால் எல்லாம் ஒவ்வொன்று போதும்.

பிரைமரில்தான் கடைக்காரர் கையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வரக்கூடாது. சாதாரணச் சாம்பல் பிரைமரோ ரெட் ஆக்சைடோ குரோமுக்கு உதவாது. "குரோம் மேல அடிக்கணும்ணே, எபாக்ஸி பிரைமர் குடுங்க" என்று கேளுங்கள். ஹார்டனர் கலந்த இரண்டு பாக எபாக்ஸிதான் குரோமிலும் ஸ்டெயின்லெஸ்ஸிலும் நம்பிக்கையானது. அது கிடைக்காவிட்டால் அமிலம் கலந்த எட்ச் பிரைமர். முலாம் உரிந்து பிளாஸ்டிக் வெளியே தெரியும் இடம் இருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் பிளாஸ்டிக் பிரைமர் கூடுதலாக வேண்டும். எபாக்ஸியோ எட்ச்சோ வெறும் ஏபிஎஸ்ஸை நம்பும்படி பிடிக்காது.

உப்புத்தாளில் வாட்டர் பேப்பர் வகையாக 320, 400, 600, 1000 வாங்குங்கள். கிரில் மடிப்புகளுக்குள் தாள் நுழையாது. அங்கே மெரூன் நிற ஸ்காட்ச்-பிரைட் பேட்தான் வேலை செய்யும். துடைக்க ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) அரை லிட்டர், எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடையிலோ கெமிக்கல் கடையிலோ கிடைக்கும். என்சி தின்னரால் பிளாஸ்டிக்கைத் துடைக்காதீர்கள், ஏபிஎஸ் கரைந்து பிசுபிசுக்கும். பெட்ரோலும் வேண்டாம், அது எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும். மலிவாகக் கிடைக்கும் பனியன் வேஸ்ட் கடைசித் துடைப்புக்கு ஆகாது, நூல் விடும். மைக்ரோஃபைபர் துணி நான்கு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றை ஈரத்துக்கும் ஒன்றை உலர்த்துவதற்கும் மாற்றி மாற்றி.

டேப்பில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். ஓரத்துக்கு 6 மி.மீ. ஃபைன்லைன் டேப் ஒரு ரோல், அதன் மேல் ஒட்ட ஒரு இஞ்ச் மாஸ்க்கிங் டேப் இரண்டு ரோல். பழைய செய்தித்தாளை மறைப்புக்குப் போட்டால் பெயிண்டின் கரைப்பான் மையை இளக்கி பாடியில் அச்சு விழ வைக்கும். பழுப்புக் காகிதமோ பிளாஸ்டிக் ஷீட்டோ போடுங்கள்.

கருப்பில் எது? பீடிங்குக்கு சாட்டின் கருப்பு, அதாவது பாதி மினுக்குள்ள கருப்பு என்பதே எங்கள் பரிந்துரை. பக்கத்திலேயே ஓடும் ரப்பரோடு ஒன்றிப்போகும், விரல் தடம் தெரியாது, சிராய்ப்பு விழுந்தால் அந்த இடத்தை மட்டும் திருத்தலாம். ஆனால் சாட்டினில் தூசி விழுந்தால் பின்னால் தேய்த்துப் பாலிஷ் போட்டு எடுக்க முடியாது. எடுத்த இடம் பளபளத்துத் தனியாகத் தெரியும். பளபளப்புக் கருப்பில் தூசியும் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரியான மேடுபள்ளமும் முதலில் அதிகம் தெரியும், ஆனால் 2000 நம்பரில் தேய்த்துப் பாலிஷ் போட்டு எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம். கிரில்லுக்குப் பளபளப்பு நன்றாக இருக்கும். கேனில் வரும் 'குரோம் ஸ்ப்ரே'யை நம்பி மறுபடி குரோமாக்க நினைக்காதீர்கள். காய்ந்ததும் அது நல்ல வெள்ளி நிறம், அவ்வளவுதான். மேலே கிளியர் போட்டால் அந்த மினுக்கும் மங்கிப்போகும். கிளியர் போடாவிட்டால் கையில் ஒட்டும். நிஜக் குரோம் வேண்டுமென்றால் புதுப் பாகமோ, உலோகமாக இருந்தால் முலாம் பட்டறையோதான்.

கழற்றுவதா, காரிலேயே அடிப்பதா

கிரில்லைக் கழற்றிவிடுங்கள். பானெட்டைத் திறந்தால் மேலே திருகோ 10 நம்பர் போல்ட்டோ கிளிப்போ இருக்கும். சில கார்களில் பம்பரையே தளர்த்த வேண்டிவரும். ஏற்காட்டுக் காலைக் குளிரில் பிளாஸ்டிக் கிளிப் மொடமொடப்பாக இருக்கும், நெம்பினால் காது ஒடியும். ஹேர் டிரையரால் வெதுவெதுப்பாக்கிவிட்டு நெம்புங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், பிளாஸ்டிக் நெம்புகோல் போதும். ஒட்டிய எம்ப்ளம் என்றால் சூடு காட்டி, தூண்டில் நரம்பைப் பின்னால் விட்டு ரம்பம் இழுப்பது போல இழுத்தால் கழன்றுவரும். மிஞ்சிய பசையை மண்ணெண்ணெயால் எடுத்து, மண்ணெண்ணெயை ஐபிஏவால் எடுங்கள்.

ஜன்னல் பீடிங்கை மட்டும் கழற்றாதீர்கள். மெல்லிய உலோகப் பட்டை, ரப்பரோடு சேர்த்து இறுக்கியிருக்கும். நெம்பும்போது ஒரு மடிப்பு விழுந்தால் பிறகு அது நிமிராது, அலை அலையாகவே நிற்கும். காரிலேயே வைத்து டேப் போட்டு அடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

டேப் வேலையில் தவறு நடப்பது ரப்பரும் பட்டையும் சேரும் இடத்தில். ரப்பரின் உதட்டின் மேல் டேப்பை ஒட்டினால் உதட்டுக்கு அடியில் ஒரு மில்லிமீட்டர் மினுக்கு அப்படியே மிஞ்சும். கண்ணாடியை இறக்கும்போது அந்த வெள்ளிக் கோடு பளிச்சென்று தெரியும். அதற்கு வழி, மெல்லிய நைலான் கயிற்றை ரப்பர் உதட்டுக்கு அடியில் நெடுக நுழைத்துவிடுவது. உதடு தூக்கி நிற்கும், பெயிண்ட் உள்ளே போய் நிற்கும். கயிற்றை உருவினால் ரப்பர் திரும்ப உட்கார்ந்து ஓரத்தை மூடிவிடும். கதவு இடுக்குகளில் உள்பக்கமாக டேப் போட்டு அடைத்து, டயர் உட்பட முழுக் காரையும் மூடுங்கள். ஸ்ப்ரே தூசி இரண்டு மீட்டர் தள்ளியும் உட்காரும். பக்கத்து வீட்டுக்காரரின் வெள்ளைக் காரை முன்கூட்டியே தள்ளி நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.

தேய்ப்பு

ஷாம்பு போட்டுக் கழுவி, கடைசி அலசலுக்கு மட்டும் காவிரித் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ பயன்படுத்துங்கள். போர் தண்ணீரின் உப்பு பிரைமருக்கு அடியில் தங்கினால் பிற்பாடு அது ஈரத்தை இழுத்துக் கொப்புளமாக்கும். கழுவியதும் ஐபிஏவால் ஒருமுறை துடைக்க வேண்டும், தேய்ப்பதற்கு முன்பே. இந்த வரிசையைப் பலர் மாற்றிச் செய்கிறார்கள். வாக்ஸும் டயர் பாலிஷ் சிலிக்கானும் மேலே இருக்கும்போது தேய்த்தால் உப்புத்தாள் அவற்றைப் புதிதாக விழுந்த கீறலுக்குள் தள்ளிவிடும். பிறகு என்ன துடைத்தாலும் முழுதாக வராது.

320-ல் தொடங்குங்கள், எப்போதும் தண்ணீர் விட்டு. நிக்கல் தூள் மூச்சில் போகக்கூடாது, சிலருக்குத் தோலிலும் அரிப்பு வரும். கையுறை போடுங்கள். குரோமைக் கழற்றி எறிவது நோக்கம் இல்லை. மினுக்கு முழுக்கச் செத்து, எவர்சில்வர் தட்டைச் சாம்பல் போட்டுத் துலக்கியது போல ஒரே சீராக மங்கினால் போதும். பிறகு 400. வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். எங்காவது ஒரு புள்ளி கண்ணடித்தால் அங்கே பெயிண்ட் பிடிக்காது, அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். மடிப்பின் உள் மூலைகளும் எழுத்துகளின் ஓரங்களும்தான் தப்பித்து நிற்கும் இடங்கள். நேர்மாறாக, வெளி விளிம்புகளில் உப்புத்தாள் தானாகவே அதிகம் தின்னும். முதலில் சொன்ன மஞ்சள் சாயல் விளிம்பில் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். நிக்கல் வரை போனாலும் குற்றமில்லை. செம்பு தெரிந்துவிட்டால் அந்த இடத்தைத் தாமதிக்காமல் பிரைமரால் மூட வேண்டும்.

ஏற்கெனவே கொப்புளம் விட்டு உரிந்த முலாம் இருந்தால் அதைச் சுற்றிலும் கத்தி முனையால் நெம்பிப் பாருங்கள். எது வரை எழும்புகிறதோ அது வரை எடுத்தாக வேண்டும். அரைகுறையாக விட்டு மேலே பிரைமர் அடித்தால் அடுத்த கோடையில் அதன் ஓரமே எழும்பிப் பெயிண்டையும் கூட்டிக்கொண்டு வரும். உரியும் முலாமின் விளிம்பு பிளேடு மாதிரி வெட்டும், விரல் ஜாக்கிரதை. எடுத்த பிறகு பிளாஸ்டிக்குக்கும் முலாமுக்கும் நடுவே ஒரு படி நிற்கும். 180, 240, 320 என்று இறங்கி, விரல் நுனியால் தடவினால் தெரியாத அளவுக்குச் சரிவாக்குங்கள். ஆழமாக இருந்தால் மெல்லிசாக பட்டி. ஒன்று ஞாபகம் வைக்க வேண்டும்: எட்ச் பிரைமர் மேல் பாலியெஸ்டர் பட்டி வைக்கக்கூடாது. எட்ச் பிரைமரின் அமிலம் பட்டி ஹார்டனரோடு ஒத்துப்போகாமல் பட்டி அடியில் பிடிக்காது. எபாக்ஸி மேல் வைக்கலாம்.

டாய்லெட் கிளீனர் அமிலத்தில் ஊறவைத்துக் குரோமை எடுக்கச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்துச் செய்யாதீர்கள். துத்தநாக வார்ப்பை அந்த அமிலம் அரித்து ஓட்டையாக்கும். கரைந்த குரோமியமும் நிக்கலும் சாக்கடைக்குத்தான் போகும். வேலைக்கு அது தேவையும் இல்லை.

தேய்த்து முடித்து, கழுவி, உலர்த்தி, சுத்தத் துணியில் ஐபிஏ. இதற்குப் பின் வெறும் கையால் தொடக்கூடாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையால் ஒருமுறை தொட்டால் போதும், பெயிண்ட் அந்த இடத்தைச் சுற்றி வட்டமாக விலகி மீன் கண் மாதிரி குழி விழும். ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் தேய்த்தவுடனே தம் ஆக்சைடு தோலைத் திரும்ப வளர்க்கத் தொடங்கும். ஒரு மணி நேரத்துக்குள் பிரைமர் ஏறிவிட வேண்டும்.

எந்த நேரத்தில் அடிப்பது

இதுதான் சேலத்துக்காரருக்கும் மலைமேல் இருப்பவருக்கும் வேறுபடும் இடம். கேனில் எழுதியிருக்கும் பத்து நிமிஷம், இருபது நிமிஷம் எல்லாம் சுமார் 20, 25 டிகிரிக்குச் சொன்ன கணக்கு.

சேலத்தில் ஏப்ரல், மே மதியம் 38, 40 டிகிரி போகும். வெயிலில் நின்ற காரின் பட்டை கை வைக்க முடியாமல் கொதிக்கும். அப்போது அடித்தால் பெயிண்ட் துளி பட்டையைத் தொடுவதற்குள் பாதி காய்ந்துவிடும். விழுந்தவை ஒன்றோடொன்று உருகிச் சேராமல் மணல் தூவியது போல நிற்கும். இன்னும் கனமாக அடித்தால் மேல்தோல் முதலில் மூடிக்கொள்ளும். உள்ளே மாட்டிய கரைப்பான் பிறகு வெடித்து வெளியேறி ஊசித் துளை போடும். எனவே சேலத்தில் காலை ஏழு முதல் ஒன்பதரை வரைதான் நேரம். முந்தின இரவே காரைப் போர்டிகோ நிழலில் நிறுத்தி ஆறவிடுங்கள். வாசல் தெளிக்கிற மாதிரி தரையை நன்றாகத் தெளித்துவிட்டால் புழுதி அடங்கும். மேக்னசைட் மண் உள்ள கருப்பூர்ப் பக்கம் வெள்ளைப் புழுதி கருப்பு பெயிண்டில் எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டியதில்லை. தெளித்துப் பத்து நிமிஷம் கழித்து, தேங்கிய தண்ணீர் இல்லாத தரையில் தொடங்குங்கள். மாலையில் டியூப் லைட் போட்டு அடிக்கவே கூடாது; மழைக்காலத்தில் ஈசல், மற்ற நாளில் கொசு, எல்லாம் ஈரக் கிளியரில்தான் வந்து உட்காரும்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே சூடு பிரச்சினை இல்லை, ஈரம்தான் பிரச்சினை. கரைப்பான் ஆவியாகும்போது பட்டையை இன்னும் குளிர வைக்கும். மூடுபனி நேரத்தில் அந்தக் குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிந்து, கருப்பு மேல் சாம்பல் பூத்தது போல வெளுக்கும். ஹார்டனர் கலந்த இரண்டு பாகக் கிளியர், அதாவது 2கே கிளியர் என்றால் இன்னும் மோசம். ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் தண்ணீரோடு வினைபுரிந்து கரியமில வாயு விடும்; படலத்துக்குள் நுண்ணிய குமிழ் நிற்கும், பளபளப்பும் செத்துப்போகும். மலையில் காலை பதினொன்றுக்கு மேல், பனி விலகி வெயில் காட்டிய பிறகு, மூன்று மணிக்குள் முடித்துவிட வேண்டும். கழற்றிய கிரில்லை வெளியே திண்ணையில் இரவு முழுக்க வைத்துவிட்டு நேராக அடிக்காதீர்கள். வீட்டுக்குள் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து அறைச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். கேனையும் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் நிறுத்தினால் தூவல் மெலிதாக வரும். கொதிநீரும் அடுப்பும் கூடவே கூடாது, கேன் வெடிக்கும். இரண்டு ஊருக்கும் ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம்.

பிரைமர், கருப்பு, கிளியர்

குண்டு உருளும் சத்தம் கேட்கத் தொடங்கியதிலிருந்து இரண்டு முழு நிமிஷம் கேனைக் குலுக்குங்கள். 20 முதல் 25 செ.மீ. தூரம். பட்டைக்கு வெளியே அமுக்கத் தொடங்கி, வெளியே போய் விடுங்கள். ஒவ்வொரு வீச்சும் முந்தின வீச்சில் பாதியை மூட வேண்டும். மணிக்கட்டை வளைக்காமல் கையையே நகர்த்துங்கள்.

பிரைமர் முதல் கோட்டில் அடிப்பரப்பு தெரிய வேண்டும். தெரியாமல் மூடும்படி ஒரேயடியாக அடித்தால் வடிந்துவிடும். பத்து நிமிஷ இடைவெளியில் இரண்டு அல்லது மூன்று மெல்லிய கோட். எபாக்ஸியின் காயும் நேரம் பிராண்டுக்குப் பிராண்டு மாறும். கேனில் உள்ளதைப் பின்பற்றி, ஏற்காட்டில் அதை ஒன்றரை மடங்காக்குங்கள். காய்ந்ததும் 600-ல் தண்ணீர் விட்டு லேசாக. எங்காவது குரோம் எட்டிப் பார்த்தால் அங்கே மறுபடி பிரைமர்.

கருப்புக்குப் போகும் முன் ஒரு நாள் பொறுத்து, பின்பக்கம் மறைவான இடத்தில் ஒரு சோதனை. பிளேடால் பிரைமரில் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னக் கட்டங்கள் கீறி, செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். டேப்பில் ஒரு கட்டம்கூட வரக்கூடாது. வந்தால் தேய்ப்பில் குறை. அப்போதே எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி தொடங்குவது மனசுக்குக் கஷ்டம்தான். ஆனால் மேலே கருப்பும் கிளியரும் போட்ட பிறகு எடுப்பது மூன்று மடங்கு வேலை.

கருப்பு மூன்று கோட், பத்து நிமிஷ இடைவெளி. முதலாவது பூந்தூறல் மாதிரி, அடுத்த இரண்டும் ஈரம் மினுங்கும் அளவுக்கு. சாட்டின் டிரிம் பெயிண்ட் என்றால் வேலை இத்தோடு முடியும், அதற்குக் கிளியர் தேவையில்லை. பளபளப்புக் கருப்புக்குக் கிளியர் வேண்டும். கடைசிக் கருப்புக் கோட்டுக்கு இருபது முப்பது நிமிஷம் கழித்து, அதே நாளில் அடிக்க வேண்டும். காய்ந்து மறுநாள் ஆகிவிட்டால் 1000 நம்பரில் லேசாக மங்கவைத்துவிட்டு அடியுங்கள். கிளியரில் 2கே வாங்குங்கள். சாதாரண ஒற்றைப் பாகக் கிளியர் பெட்ரோல் துளி பட்டால் கரையும், சேலத்து வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். மலைச்சாலையில் முன்னால் போகும் வண்டி தெறிக்க விடும் கல்லை வாங்குவதும் கிரில்தான். 2கே கேனின் அடிப் பித்தானை அமுக்கி ஹார்டனரை உடைத்துவிட்டால் ஓரிரு நாளில் அது கேனுக்குள்ளேயே இறுகிவிடும். ஆகவே எல்லாப் பாகத்தையும் ஒரே நாளில் முடிக்கும்படி திட்டமிடுங்கள். இரண்டு கோட் போதும்.

2கே அடிக்கும்போது கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் போதாது. ஐசோசயனேட் நுரையீரலைத் தாக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சுத் திணறும். ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க், கண்ணாடி, கையுறை, திறந்த வெளி. ஆஸ்துமா உள்ளவர்கள் 2கே பக்கமே போக வேண்டாம், ஒற்றைப் பாக சாட்டினோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கும் மாஸ்க் வேண்டும்.

டேப்பை எப்போது எடுப்பது? கடைசிக் கோட்டுக்கு இருபது முப்பது நிமிஷம் கழித்து, பெயிண்ட் இன்னும் இளக்கமாக இருக்கும்போதே. டேப்பைத் தன் மேலேயே மடக்கி, சாய்வாக, மெதுவாக இழுங்கள். மறுநாள் வரை விட்டால் பட்டையின் பெயிண்டும் டேப்பின் மேல் பெயிண்டும் ஒரே தோலாகி, ஓரம் பிய்ந்து வரும். அப்படி மறந்துவிட்டால் ஓரத்தில் புது பிளேடால் லேசாக ஒரு கோடு போட்டுவிட்டு எடுங்கள்.

கெட்டுப்போனால்

வடிந்தால் துடைக்காதீர்கள். துடைத்தால் அடிக்கோட்டையும் சேர்த்து இழுத்துவரும். காயவிட்டு, பளபளப்பு என்றால் வடிந்த தடிப்பை மட்டும் 1000, 1500, 2000 என்று தேய்த்துப் பாலிஷ் போடலாம். சாட்டினில் வடிந்தால் 600-ல் தேய்த்து மறுகோட். மீன் கண் விழுந்தால் அதை நிரப்புவதற்கு மேலும் மேலும் அடிக்காதீர்கள், குழி பெரிதாகத்தான் ஆகும். நிறுத்தி, காயவிட்டு, தேய்த்து, ஐபிஏவால் துடைத்து மறுபடி. அடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் யாரும் டேஷ்போர்டு பாலிஷ் ஸ்ப்ரே செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள், காற்றில் வரும் சிலிக்கானே போதும். கொசு ஒட்டிவிட்டால் ஈரத்தில் நோண்டாமல் காய்ந்த பிறகு எடுத்தால் கால் தடம் மட்டும்தான் மிஞ்சும். மூடுபனியில் பூத்துப்போனது ஒற்றைப் பாகப் பெயிண்டாக இருந்தால், வெயில் வந்ததும் மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னரைப் பூந்தூறலாக ஒருமுறை விட்டால் பல நேரம் தெளிந்துவிடும். 2கே பூத்தால் தேய்த்து மறுபடி அடிப்பதுதான்.

காய வைக்க மதிய வெயிலில் தூக்கிப் போடாதீர்கள். முதல் இரண்டு மணி நேரம் நிழல், பிறகு இளவெயில். மறுநாள் கிரில்லை மாட்டலாம், ஆனால் கிளிப்பை அழுத்தும்போது பெயிண்ட் பட்ட இடத்தில் விரலை ஊன்ற வேண்டாம். நகத் தடம் பதியும். முழுதாக இறுக ஒரு வாரம். மூன்று வாரத்துக்கு பிரஷர் வாஷ் கிடையாது, வாளித் தண்ணீரும் துணியும்தான். அதன் பிறகும் வாட்டர் சர்வீஸில் தண்ணீர்ப் பீச்சியைப் பட்டையின் ஓரத்துக்கு நேராகப் பிடிக்கவிடாதீர்கள். ஒரு மாதம் கழித்து வாக்ஸ் போடலாம்.

மிஞ்சிய கருப்பு கேனைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் காற்று மட்டும் வரும் வரை அமுக்கி மூடிவையுங்கள், மூக்கு அடைக்காது. அதற்கு முன் கொஞ்சம் பெயிண்டைச் சின்னக் கண்ணாடிப் புட்டியில் பீச்சி இறுக மூடி, தேதி எழுதிக் காரின் டேஷ்போர்டில் அல்லாமல் வீட்டு அலமாரியில் வையுங்கள். பம்பர் ஓரத்தில் கல் தெறித்து வெள்ளிப் புள்ளி தெரியும் நாளில், அந்தப் புள்ளியை ஐபிஏவால் துடைத்து, பல்குத்தும் குச்சி முனையால் ஒரு சொட்டு வைத்தால் போதும்.